டத்தோ பண்டாரை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்? கோலாலம்பூருக்கு முன் இருக்கும் வழிகள்

கோலாலம்பூரில் வீடு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். பிப்ரவரி இறுதிக்குள் ஒரு தவணை, ஆகஸ்டு இறுதிக்குள் இன்னொன்று. அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது, எந்தத் திடலில் எத்தனை மாடி எழும்பலாம், எந்தச் சாலையோரத்தில் யார் ஒட்டுக்கடை போடலாம் என்றெல்லாம் முடிவு செய்கிறவர் டத்தோ பண்டார், அதாவது நகரின் மேயர். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லை. பினாங்கில் இருப்பவர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கலாம். கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் சட்டமன்றமே கிடையாது. ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழும் தலைநகரத்தில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையில் கிடைப்பது ஒரே ஒரு வாக்குச்சீட்டு.

2025ஆம் ஆண்டு, டத்தோ பண்டாரைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுப்பது சாத்தியமா என்று ஆராயும் பணி ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதிலிருந்து பழைய விவாதம் மறுபடி சூடுபிடித்திருக்கிறது. ஆனால் பேச்சு பெரும்பாலும் "தேர்தல் வேண்டுமா, வேண்டாமா" என்பதோடு நின்றுவிடுகிறது. யாரைத் தேர்ந்தெடுப்பது, மேயரை மட்டுமா, மன்ற உறுப்பினர்களையா, இருவரையுமா என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. நகரத்தில் பத்தில் ஒரு பங்காகச் சிதறி வாழும் நம் இந்தியச் சமூகத்துக்கு இந்த வேறுபாடு சிறிய விஷயமே இல்லை. தவறான முறையில் வரும் தேர்தல், இப்போது இருக்கும் நியமனத்தைவிட நம்மை ஓரங்கட்டிவிடக்கூடும். சரியான முறையில் வந்தால், அறுபது ஆண்டுகளாக இழந்திருந்த இடத்தை நாம் மீட்டுக்கொள்ளலாம்.

இப்போதைய ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொள்வது

கோலாலம்பூர் மாநகர் மன்றம் என்று சொல்கிறோமே தவிர, பொதுமக்கள் நினைக்கும் பொருளில் அங்கே மன்றம் என்று ஒன்று இல்லை. சட்டத்தின் கண்ணில் டத்தோ பண்டார் என்ற பதவியே ஊராட்சி (உள்ளூர் நிர்வாக) அதிகாரம் முழுவதையும் தாங்கி நிற்கிறது. அவரை நியமிப்பது கூட்டரசு அரசாங்கம். அவருக்குத் துணையாக ஓர் ஆலோசனை வாரியம் உண்டு. அதன் உறுப்பினர்களும் நியமனம் பெற்றவர்களே. அவர்கள் ஆலோசனை சொல்லலாம், கட்டுப்படுத்த முடியாது. ஆண்டுக்கு 2 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் செலவிடும் ஓர் அமைப்பு இப்படி இயங்குகிறது.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அரசியல் இழுபறி இல்லாமல் வேலை நடக்கும், அனுபவமுள்ள அதிகாரிகள் பொறுப்பில் இருப்பார்கள், தலைநகரம் மத்திய அரசோடு மோதிக்கொள்ளாது என்பது அவர்கள் வாதம். 2024இல் டத்தோ பண்டாராக வந்த மைமுனா முகமட் ஷரிப், அதற்கு முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மேயராகவும் ஐ.நா. குடியிருப்புத் திட்டத்தின் தலைவராகவும் இருந்தவர். நியமன முறையில் திறமையானவர்கள் வர முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் 2025 முடிவதற்குள் அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்துவிட்டார். வந்ததற்கும் போனதற்கும் நகரவாசிகளைக் கேட்டவர் யாரும் இல்லை.

ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் குவிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கும் ரிம்பா கியாரா பூங்காவின் கதையில் கிட்ட நின்று பார்க்கலாம். அந்தப் பூங்காவை ஒட்டி, பழைய புக்கிட் கியாரா தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து நீண்ட வீடுகளில் குடியிருந்து வந்தன. தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நிரந்தர வீடு தருவதாகச் சொல்லித்தான் அவர்களைத் தற்காலிகமாக அங்கே குடிவைத்தார்கள். தலைமுறை மாறியது, வீடு வரவில்லை. 2017இல் டத்தோ பண்டார் ஒரு மேம்பாட்டு ஆணைக்கு (கட்டுமான அனுமதிக்கு) ஒப்புதல் தந்தார். ஏறத்தாழ 25 ஏக்கர் பூங்காவில் பாதியளவு நிலத்தில் எட்டு உயர்மாடிக் கட்டடங்களும், நீண்ட வீட்டுக் குடும்பங்களையும் சேர்த்துக் குடியமர்த்த 29 மாடி மலிவு வீட்டுக் கட்டடம் ஒன்றும் எழும்பும் என்பது திட்டம். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். திட்டத்தில் பங்கு கொண்ட அறவாரியத்தில் டத்தோ பண்டாரே பொறுப்பில் இருந்ததால் ஏற்பட்ட நலன் முரண்பாடும், நகரின் கட்டமைப்புத் திட்டத்தைப் பொருட்படுத்தாததும், காரணம் சொல்லாததும் தீர்ப்பில் கண்டிக்கப்பட்டன.

பூங்கா தப்பியது. ஆனால் தீர்ப்பு வந்த நாளிலும் அந்தத் தோட்டக் குடும்பங்கள் நீண்ட வீட்டில்தான் இருந்தன. பூங்காவைக் காக்க நினைத்தவர்களும் வீட்டுக்காகக் காத்திருந்தவர்களும் எதிரெதிர் அணிகளாக நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பகுதிக்கென்று வாக்கு கேட்டு வந்த உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால், இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசும் கட்டாயம் அவருக்கு இருந்திருக்கும். ஆறு ஆண்டு வழக்கும் வழக்கறிஞர் செலவும் தேவைப்பட்டிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும், நகரத்துக்கான உள்ளூர்த் திட்ட வரைவு 2008இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அரசிதழில் வெளியானதோ 2018 அக்டோபரில். இடைப்பட்ட பத்தாண்டுகளில் எத்தனையோ கட்டடங்களுக்கு அனுமதி தரப்பட்டது. தாமதம் ஏன் என்று மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு கூட்டமே இல்லை. அதனால்தான் தலைநகரின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பழுதான மின்தூக்கிக்கும் அடைத்துக்கொண்ட சாக்கடைக்கும் அலைகிறார்கள். சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவரைக் குப்பைத் தொட்டிக்காகத் தேடிப் போகிறோம். அவரும் கடைசியில் அதே டத்தோ பண்டாருக்குத்தான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

பினாங்கைப் போல நியமன உறுப்பினர்கள்

பினாங்கிலும் ஊராட்சித் தேர்தல் இல்லை. ஆனால் அங்கே மன்றம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மேயரோடு 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கலாம். தீவு மன்றத்திலும், பெருநிலப் பகுதியான செபராங் பிறை மன்றத்திலும் 24 பேர் வீதம் இருக்கிறார்கள். சட்டம் மூன்றாண்டு வரை பதவிக்காலம் தர இடம் கொடுத்தாலும், வழக்கத்தில் ஓராண்டுக்கே நியமனம். மன்றத்தின் முழுக்கூட்டத்துக்குப் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் போய் உட்காரலாம். 2008இல் ஆட்சி மாறிய பிறகு, அரசு சாரா அமைப்புகள் பரிந்துரைப்பவர்களுக்கும் அங்கே இடம் தரும் வழக்கம் வந்தது.

தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தலுக்கு அனுமதி தருவது, இரவுச் சந்தை எந்தத் தெருவில் நடக்கலாம் என்று ஒதுக்குவது போன்ற வேலைகளில், பகுதியை அறிந்த உறுப்பினர் ஒருவர் இருப்பது உண்மையிலேயே உதவுகிறது. தீவு மன்றத்தின் மேயராக 2023இல் வந்த டத்தோ அ. இராஜேந்திரன், அதே மன்றத்தின் பொறியியல் துறையிலிருந்து மேலே வந்தவர். நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது மகிழ்ச்சி தருகிறது.

ஆனாலும் இந்த ஏற்பாட்டில் உறுப்பினரின் பதவி கட்சியின் கையில் இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் பெயர் இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது குடியிருப்பாளர்கள் அல்லர். மாநில அரசின் பெருந்திட்டம் ஒன்றை அவர் எதிர்த்து வாக்களித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோலாலம்பூருக்கு இதை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே நான் ஒப்புக்கொள்வேன்.

மேயரை மட்டும் தேர்ந்தெடுப்பது

இப்போது அதிகம் பேசப்படுவது இதுதான். கேட்க எளிமையாக இருக்கிறது: நகரம் முழுவதும் ஒரே தேர்தல், ஒரே வெற்றியாளர். நாளிதழ்களுக்கும் பிடித்த வடிவம்.

எனக்கு இது அச்சம் தருகிறது. நகரம் முழுவதும் ஒரே பதவிக்குப் போட்டி என்றால், ஐம்பது விழுக்காட்டை எட்டும் கணக்கு மட்டுமே கட்சிகளின் கண்ணில் படும். கோலாலம்பூரில் மலாய்க்காரர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு, சீனர்கள் நாற்பது விழுக்காட்டை ஒட்டி, நாம் பத்தில் ஒரு பங்கு. இரண்டு பெரிய சமூகங்கள் மோதும் ஒற்றைப் போட்டியில் பிரசாரம் எந்தப் பக்கம் வழுக்கிப் போகும் என்பதற்கு ஜகார்த்தாவைப் பார்க்கலாம். அங்கே ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2017 தேர்தலில், நிர்வாகத்தில் நல்ல பெயர் எடுத்திருந்த சீன வம்சாவளி ஆளுநர் பாசுகி சஹாயா பூர்ணாமாவுக்கு எதிரான பிரசாரம் முழுக்க மதத்தைச் சுற்றியே நடந்தது. அவர் தோற்றார், அடுத்த மாதமே சமய நிந்தனைக் குற்றச்சாட்டில் இரண்டாண்டு சிறைத்தண்டனையும் பெற்றார். வெள்ளக் கால்வாயும் போக்குவரத்து நெரிசலும் பின்னுக்குப் போய்விட்டன.

இன்னொரு குறையும் உண்டு. மேயரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவரைக் கேள்வி கேட்கும் மன்றத்தை அமைக்காவிட்டால், இன்றிருக்கும் தனியாள் அதிகாரம் அப்படியே நீடிக்கும். மக்கள் வாக்கு என்ற கவசமும் அதோடு சேர்ந்துகொள்ளும். லண்டனில் 2000ஆம் ஆண்டு மேயர் தேர்தல் வந்தபோது, அவரைக் கண்காணிக்க 25 உறுப்பினர் கொண்ட அவையும் அதே நாளில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் 14 பேர் தொகுதிகளிலிருந்தும் 11 பேர் கட்சிகள் பெற்ற வாக்கு விகிதத்தின்படியும் வருகிறார்கள். அந்த அவையை விட்டுவிட்டு மேயர் தேர்தலை மட்டும் இங்கே எடுத்து வருவது ஆபத்து.

உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது, மேயரை அவர்கள் தேர்ந்தெடுப்பது

இது நமக்குப் புதிதல்ல. 1951 டிசம்பர் 1ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. 9 இடங்களுக்கு வாக்களித்தார்கள். போருக்குப் பிறகு மலாயாவில் நடந்த முதல் தேர்தல் அது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர். மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் முதன்முதலாகக் கைகோத்தது அந்தத் தேர்தலில்தான்; 12 இடங்களில் 9ஐ வென்றார்கள். நாட்டைப் பல பத்தாண்டுகள் ஆண்ட கூட்டணி பிறந்த இடம் இந்த நகரத்தின் ஊராட்சித் தேர்தல் என்பதை, "ஊராட்சித் தேர்தல் இனங்களைப் பிரிக்கும்" என்று சொல்பவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே 1952 தேர்தலில் பங்சார் வட்டாரத்திலிருந்து தேவகி கிருஷ்ணன் வென்றார். மலாயாவில் மக்கள் வாக்கால் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அப்போது கோலாலம்பூரில் நான்கு வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று இடங்கள். பங்சார், ரயில்வே குடியிருப்புகளும் தமிழ்க் குடும்பங்களும் நிறைந்த பகுதி.

பினாங்கில் நடந்ததோ இன்னும் பெரிது. 1956இல் ஜார்ஜ்டவுன், மலாயாவிலேயே உறுப்பினர்கள் அனைவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நகராண்மைக் கழகத்தைப் பெற்றது. 1957 ஜனவரி 1ஆம் தேதி மாநகரமானது. அதன் முதல் மேயராக உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர் டி. எஸ். இராமநாதன், தமிழர், ஆசிரியர், தொழிற்கட்சிக்காரர். மக்கள்தொகையில் சீனர்கள் மிகப் பெரும்பான்மையாக இருந்த நகரம் அது. அங்கே நகரம் தழுவிய நேரடித் தேர்தல் நடந்திருந்தால் ஒரு தமிழ் ஆசிரியர் மேயராகியிருப்பாரா என்பது ஐயமே. சக உறுப்பினர்கள் அவருடைய வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் அது நடந்தது. அவர் பெயரில் இன்று பினாங்கில் ஒரு சாலை இருக்கிறது. அன்றைய மாநகர் மன்றம் மின்சாரம், தண்ணீர், பஸ் மூன்றையும் தன் பொறுப்பில் வைத்து நடத்தியது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசவும் நான் விரும்பவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் சிலவற்றில் முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. 1966இல் ஜார்ஜ்டவுன் மன்றத்தின் அதிகாரங்களே மாநில முதல்வரிடம் போயின. அதற்கு முன், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. கோலாலம்பூர் அதையும் முந்திக்கொண்டு, 1960ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தால் 1961லேயே தேர்ந்தெடுத்த மன்றத்தை இழந்திருந்தது. மன்றங்களின் குறைகளை ஆராய செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. குறைகளை ஒளிக்காமல் எழுதிய அந்த ஆணையமே, 1968இல் முடித்த அறிக்கையில், தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை 1971இல் வெளியானது, பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976 சட்டத்தின் 15ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கான எல்லா விதிகளையும் செயலிழக்கச் செய்தது. மோதல் முடிந்து போயிற்று, தற்காலிக நிறுத்தம் நிரந்தரமாயிற்று.

இந்த வழியிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் என்று வகுத்தால், எந்த வட்டாரத்திலும் நாம் பெரும்பான்மை இல்லை. செந்தூலிலும் இல்லை, பிரிக்பீல்ட்சிலும் இல்லை. என் விருப்பம் இது: நகரின் 11 நாடாளுமன்றத் தொகுதிகளையும் 11 வட்டாரங்களாகக் கொள்ளலாம். வட்டாரத்துக்கு ஐந்து உறுப்பினர், வாக்காளருக்கு ஒரே ஒரு வாக்கு. மொத்தம் 55 பேர், ஏறத்தாழ 36,000 மக்களுக்கு ஒருவர். இந்தக் கணக்கில், ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு பெறும் வேட்பாளர் உறுதியாக வெல்வார். தமிழர்கள் கணிசமாக வாழும் வட்டாரத்தில், மற்றவர்களின் ஆதரவையும் கொஞ்சம் பெறும் நல்ல வேட்பாளருக்கு இது எட்டும் தூரம். மற்றவர் ஆதரவு இல்லாமல் வெல்வது கடினம் என்பதும் நல்லதே. இனப்பேச்சை மட்டும் நம்பி வருபவரை அது தடுக்கும். ஐந்து இடங்களுக்கு ஐந்து வாக்கு என்று வைத்தால் மட்டும் எல்லாம் கெட்டுவிடும். பெரிய கட்சி ஐந்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

சென்னையிலிருந்தும் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். 200 வட்டங்கள் கொண்ட அந்த மாநகராட்சியில் 2022இல் கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதற்கு முன், 2016 முதல் 2022 வரை அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகள் நிர்வாகம் நடந்தது. தேர்தல் உரிமை சட்டத்தில் இருந்தாலும், தேதியைத் தள்ளிப்போடும் அதிகாரம் ஆள்பவர் கையில் இருந்தால் இதுதான் கதி. இங்கே சட்டம் திருத்தும்போது தேர்தல் நாளை நாடாளுமன்றத் தேர்தலோடு கட்டிப்போட்டுவிட வேண்டும்.

எது கைகூடும்?

பினாங்கு அரசு 2012இல் தன் ஊராட்சித் தேர்தல் சட்டத்தை நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டது. 1976 சட்டத்தின் தடை மாநிலச் சட்டத்துக்கு மேல் நிற்கிறது. 2018இல் புதிய அரசாங்கத்தின் அமைச்சர் தேர்தல் வரும் என்று நம்பிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பரில், இனப்பிளவு ஏற்படும் என்று பிரதமர் மகாதீர் மறுத்துவிட்டார்.

கோலாலம்பூரின் நிலை வேறு. இங்கே குறுக்கே நிற்க மாநில அரசு இல்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையோடு நாடாளுமன்றம் திருத்தினால் போதும். விருப்பம் இருந்த பினாங்குக்கு அதிகாரம் இல்லை. கோலாலம்பூர் விஷயத்தில் அதிகாரம் முழுக்க நாம் அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் அமர்ந்திருக்கும் அவையிலேயே இருக்கிறது.

ஆகவே அரசாங்கம் மேயர் தேர்தலை மட்டும் தர முன்வந்தால், மன்றத் தேர்தலும் அதே சட்டத்தில், அதே நாளில் வரும் என்று எழுதப்பட்டாலன்றி நம் அமைப்புகள் அதை ஆதரிக்கக் கூடாது. உறுப்பினர் தேர்தலை முதலில் தந்து மேயரை அவர்களிடம் விட்டால், தயங்காமல் ஏற்கலாம். இரண்டுக்கும் மனமில்லை என்றால், அடுத்த தேர்தல் வரை பினாங்கு மாதிரியில் திறந்த கூட்டம் நடத்தும் நியமன மன்றத்தையாவது, முடிவு தேதி குறித்துக் கேட்க வேண்டும். வட்டாரத்துக்கு எத்தனை இடம், வாக்காளருக்கு எத்தனை வாக்கு என்ற இரண்டு கேள்விகளையும் ஆய்வுக்குழுவிடமும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் எழுத்துமூலம் கொடுங்கள். மசோதா அச்சாகி வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.